யாழ்ப்பாணத்தில் பாம்பு பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பு, உடும்பு, ஆமை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், கிணற்றடியில் ஒன்று சுருண்டு கிடக்கிறது, இது என்ன சாதி என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் பார்ப்பதற்கு மட்டும். பாம்பு பிடிக்கப் பழக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

காடே இல்லாத யாழ்ப்பாணத்தில் என்ன பெரிதாக இருக்கப் போகிறது?

மலை இல்லை, பெருங்காடு இல்லை, வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, அது சரிதான். ஆனால் ஊர்வனவுக்குப் பெருங்காடு வேண்டும் என்று யார் சொன்னது? வடலிப் பற்றை, தரவை, வயல், மணல்மேடு, கண்டல், கடல்நீரேரிக் கரை, கேணி, குளம், பொந்தும் வெடிப்புமாகக் கிடக்கிற சுண்ணாம்புக்கல், ஆட்கள் திரும்பி வராமல் கூரை விழுந்து ஆலமரம் முளைத்துக் கிடக்கிற வீடுகள் என்று ஒளிக்க இடம் தாராளமாக இருக்கிறது. எலியும் தவளையும் இருக்கிற இடத்தில் பாம்பு இல்லாமல் இருக்காது.

நாகம், முத்திரைப் புடையன், கட்டுவிரியன், சுருட்டை என்று ஆளைக் கொல்லக்கூடிய நாலும் இங்கே உண்டு. அதைவிட சாரை, நீர்க்கோலி, கொம்பேறிமூக்கன், கண்குத்திப் பாம்பு, மண்ணுளி, புழுப்பாம்பு, கண்டல் பக்கம் வாழ்கிற சேற்றுப்பாம்பு வகைகள், கடற்பாம்பு. இதில் சுருட்டையும் மண்ணுளியும் இலங்கையின் ஈரவலயத்தில் இல்லை, வறண்ட பகுதிக்கே உரியவை. தெற்கில் இருக்கிற ஆர்வலர் ஒருவர் பல மணி நேரம் பயணம் செய்து பார்க்க வேண்டிய பாம்பு எங்கள் ஆட்களின் பனங்காணியில் சும்மா கிடக்கிறது.

சரி, எங்கே போவது?

முதலில் உங்கள் வளவுக்குள்ளேயே தொடங்குங்கள். பகிடி இல்லை. விறகுக் குவியல், ஓட்டுக் குவியல், பழைய கிணற்றின் கட்டு, கோழிக்கூட்டின் பின்பக்கம், கிடுகு வேலியின் அடி. ஒரு மாதம் காலையும் மாலையும் ஒரே பாதையில் மெதுவாக நடந்து பாருங்கள், எந்த அரணை எந்தக் கல்லில் வெயில் காய்கிறது என்பது உங்களுக்கே பாடமாகிவிடும். அந்தக் கண் வராமல் சுண்டிக்குளம் போனாலும் பறவையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

வெளியே போவதென்றால் எனக்குப் பிடித்தது வடமராட்சிக் கிழக்குப் பக்கம், வல்லிபுரத்திலிருந்து மணற்காடு வரைக்குமான மணல்மேடுகள். விடியற்காலையில் காற்று எழும்ப முதல் போனால் இரவில் என்னென்ன நடந்தது என்பது மணலில் எழுதியிருக்கும். சாரை போன தடம் ஒரே தொடர்ச்சியான வளைவாகப் போகும். உடும்பின் தடத்தில் இரண்டு பக்கமும் நகம் பதிந்த கால், நடுவில் வால் இழுத்த கோடு. ஒன்றோடொன்று தொடாமல் சரிவாக, வரிசையாக விழுந்த கோடுகள் தெரிந்தால் அது பக்கவாட்டில் நகர்ந்து போன சுருட்டையாக இருக்கலாம். அந்தத் தடத்தைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்தால் போதும், பெரும்பாலும் ஏதோ ஒரு பற்றையின் அடியில் போய் முடியும். அந்தப் பற்றைக்குள் கை போகக்கூடாது, அவ்வளவுதான்.

விசிறித் தொண்டை ஓணானுக்கும் இந்த மணல்தான் சரியான இடம். ஒரு சாண் கூட வராத சின்ன ஓணான், மணல் நிறம், அசையாமல் இருந்தால் காலடியில் இருந்தும் தெரியாது. ஆண் ஒரு சின்னக் கல்லிலோ குச்சியிலோ ஏறி நின்று தொண்டைத் தோலை விரித்து மடக்கி, விரித்து மடக்கிக் காட்டும். துரத்தினால் இரண்டு பின்னங்காலில் எழும்பி ஓடும். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பின்காலில் நாலு விரல்தான் இருக்கும், மற்ற ஓணான்களுக்கு ஐந்து. 2015 இல் இலங்கையில் இருக்கிற இந்த ஓணான்களில் இரண்டு புது இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள், ஆகவே நீங்கள் ஏதோ சாதாரண ஓணானைப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம்.

தொண்டைமானாறு, சரசாலை, கைதடி, அரியாலைப் பக்கத்து நீரேரிக் கரைகளும் கண்டல்களும் நீர்ப்பாம்புக்கு நல்லவை. தீவகத்தில் வேலணை, மண்டைதீவுத் தரவைகள். நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் படகேற வேண்டும், குதிரை பார்க்கப் போகிற சனத்தோடு நெரிபட வேண்டும், ஆனால் அங்கே காணிகளைச் சுற்றி முருகைக்கல் அடுக்கிக் கட்டிய மதில்கள் இருக்கிறதே, அவை முழுக்கப் பொந்துகள்தான். காலை வெயில் படுகிற பக்கமாக அந்த மதிலோரம் நடந்தால் அரணைகளும் பல்லிகளும் கட்டாயம் கிடைக்கும். சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்கா ஆனது, அங்கே முதலை உண்டு. வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், நீரேரிக்குள் இறங்கவே வேண்டாம்.

மிதிவெடிப் பயம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வடக்கில் பற்றைக்குள் போகச் சொல்லி யாராவது எழுதினால் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த கிளாலி, முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் வெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்துவருகிறது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ சிவப்புத் தடிகளோ கண்டால் அந்த இடத்தோடு திரும்பிவிட வேண்டும், பலகைக்கு அந்தப் பக்கம் மலைப்பாம்பே கிடந்தாலும் சரி. பலகை இல்லை என்பதற்காக நல்ல இடம் என்றும் நினைக்க முடியாது. மாடு மேய்க்கிறவர்கள், விறகு பொறுக்கிறவர்கள் தினமும் போய்வருகிற பாதையை விட்டு இறங்காதீர்கள், முதலில் ஊரில் ஒருவரைக் கேளுங்கள். "தம்பி, உதுக்குள்ள போகாதையும்" என்று ஒரு ஐயா சொன்னால் ஏன் எதற்கு என்று வாதாடாமல் வந்துவிடுங்கள். மழை வெள்ளம் மண்ணைக் கிளறி ஏதாவது வெளியே வந்து கிடந்தால் தொடாமல் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்ல வேண்டும்.

அப்புறம் தனியார் காணி. வேலி விழுந்து கிடப்பதால் உரித்துக்காரர் இல்லை என்று ஆகாது. இரவில் ரோர்ச்சோடு ஒருவருடைய பனங்காணிக்குள் திரிந்தால் அவர்கள் கள்ளன் என்றுதான் நினைப்பார்கள், நினைப்பதில் பிழையும் இல்லை.

எந்தக் காலத்தில் பார்க்கலாம், எந்த நேரத்தில்?

எங்கள் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். முதல் பெருமழைக்குப் பிறகு தவளைகள் கத்தத் தொடங்கும், அந்தச் சத்தத்துக்குப் பின்னால் பாம்புகள் வரும். பொந்துகளுக்குள் வெள்ளம் போவதால் உள்ளே இருந்ததெல்லாம் மேட்டுக்கு ஏறும், வீதிக்கும் வரும், வீட்டுக்கும் வரும். நிறையப் பார்க்கலாம், ஆனால் இருட்டில் எதை மிதிக்கிறோம் என்று தெரியாத காலமும் இதுதான்.

எனக்குத் தை, மாசி நல்லது. விடியப்புறம் குளிர், ஏழரை எட்டு மணிக்கு வெயில் வரும்போது எல்லாம் காய வெளியே வரும், உடம்பு சூடேறும் வரை அவ்வளவு வேகமாக ஓடவும் மாட்டாது. அரிவு வெட்டு நடக்கிற வயல் பக்கம் முத்திரைப் புடையன் நிற்கிற காலமும் அதுவே. வைகாசி தொடங்கி சோளகம் வீசுகிற மாதங்களில் பகலில் ஒன்றும் கிடைக்காது. மண் கொதிக்கும், பற்றையெல்லாம் காற்றில் ஆடுவதால் எது அசைகிறது என்றே தெரியாது. அந்தக் காலத்தில் விடியற்காலை அல்லது இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் வற்றாமல் இருக்கிற கேணி, குளங்களின் ஓரம்.

போய்ப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலானவர்கள் உலாவப் போகிற மாதிரி நடக்கிறார்கள், பாம்பு அவர்களின் காலதிர்வை உணர்ந்து முதலே போய்விடுகிறது. பத்து அடி நடந்து நிற்க வேண்டும், நின்று பார்க்க வேண்டும், பிறகு அடுத்த பத்து அடி. பார்க்க வேண்டியது நடுவெளியை அல்ல, ஓரங்களை. வெயிலும் நிழலும் சேர்கிற கோடு, புல்லும் மணலும் சேர்கிற கோடு, தண்ணீரும் கரையும் சேர்கிற கோடு.

காதையும் கொண்டுபோங்கள். புலுனிக் குருவிகள் ஒரு பற்றையைச் சுற்றி நின்று கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால், அணில் ஒரே இடத்தைப் பார்த்து வாலை ஆட்டி ஆட்டிச் சத்தம் போட்டால், பத்தில் பாதி பூனை, மீதி பாம்பு. காய்ந்த சருகில் விட்டு விட்டுக் கேட்கிற சத்தம் ஓணான் அல்லது அரணை. நிறுத்தாமல் ஒரே சீராக இழுபடுகிற சத்தம் கேட்டால் அசையாமல் நின்று திரும்பிப் பாருங்கள்.

இரவில் ரோர்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்தால் பல்லியின் கண்ணும் முதலையின் கண்ணும் மின்னும், சிலந்திக் கண்கள் பச்சையாக மினுங்கும். பாம்பின் கண் அப்படி மின்னாது, அதை உடம்பின் வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பச்சோந்தி தேடுகிறவர்களுக்கு மட்டும் இரவு மிக வசதி. வடக்கின் வறண்ட கரையோரத்திலும் மன்னார்ப் பக்கத்திலும் உண்டு, பகலில் இலைக்குள் இருந்தால் கடவுளுக்குத்தான் தெரியும், இரவில் கொப்பு நுனியில் வெளிறிப்போய் நித்திரை கொள்ளும், வெளிச்சம் பட்டதும் பளிச்சென்று தெரியும். பார்த்தவுடன் வெளிச்சத்தைத் திருப்பிவிடுங்கள், அதுவும் நித்திரை கொள்ளத்தானே வேண்டும்.

பாம்பே கிடைக்காவிட்டாலும் செட்டை, அதாவது அது கழற்றிவிட்டுப் போன தோல், கிடைக்கும். ஓணான், பல்லியின் செட்டை துண்டு துண்டாகக் கழரும், பாம்பினது கண்ணை மூடியிருந்த கண்ணாடி மூடி உட்பட முழுதாகக் கழரும். அடிவயிற்றில் அகலமான செதில்கள் ஒரே வரிசையாக இருக்கும். முதுகுப் பக்கம் நடுவரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியனின் செட்டையாக இருக்கலாம், அது வீட்டுக்குள் கிடைத்திருந்தால் அன்றிரவு முதல் நிலத்தில் பாய் போடுவதை நிறுத்துங்கள். ஒரு விஷயம், கழரும்போது செட்டை இழுபட்டு நீளும், ஆகவே ஆறடிச் செட்டையைப் பார்த்து ஆறடிப் பாம்பு என்று பக்கத்து வீட்டைப் பயப்படுத்த வேண்டாம்.

கல்லையும் காவோலையையும் புரட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கையால் இல்லை. பனங்காணியில் விழுந்து கிடக்கிற காவோலையின் கீழ்தான் சுருட்டை பகலைக் கழிக்கும், காவோலை பொறுக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் கதை இல்லாத ஊர் இல்லை. நீளமான கொக்கத்தடி அல்லது வளைந்த கம்பி வைத்திருங்கள். தூரத்து விளிம்பில் கொழுவி உங்கள் பக்கமாகத் தூக்க வேண்டும், அப்போது கீழே இருப்பது அந்தப் பக்கமாக வெளியேறும், உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஓலை நிற்கும். பார்த்து முடிந்ததும் இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். இதைத்தான் ஒருவரும் செய்வதில்லை. கல்லின் கீழே இருந்த ஈரமும் குளிரும் ஒரு நாள் வெயிலில் போய்விடும், தேளும் பல்லி முட்டையும் அதோடு போய்விடும். புரட்டிப் போட்டுவிட்டுப் போன கற்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், கண்ட இடத்தில் திரும்ப வைத்துவிட்டு வருகிறேன்.

சுருட்டையை எப்படி அடையாளம் காண்பது?

சின்னப் பாம்பு, ஒரு அடிக்குச் சற்றுக் கூட இருக்கும். மண் நிறம் அல்லது கபில நிறம், பக்கங்களில் வெள்ளை வளைவு வளைவாகக் கோடு, தலையில் அம்புக்குறி மாதிரி ஒரு வெளிர் அடையாளம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண். ஆனால் படத்தில் பார்த்ததை நேரில் தேடாதீர்கள், நேரில் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப் போவது காய்ந்த சாணித்துண்டு என்று நினைத்து மிதிக்கப் போகிற ஒரு சுருள்தான். கிட்டப் போனால் ஓடாது. எட்டு வடிவில் உடம்பை மடித்து, மடிப்புகளை ஒன்றோடொன்று உரசும், செதில்கள் சொரசொரப்பானவை என்பதால் சரசரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் ஏற்கனவே கிட்டப் போய்விட்டீர்கள். மழை பெய்து நிலம் ஈரமானால் சின்னச் செடிகளில் ஏறி இருக்கும், ஆகவே மாரியில் நிலத்தை மட்டும் பார்த்து நடப்பது போதாது. தேள், மட்டத்தேள், பூச்சி, சின்னப் பல்லி எல்லாம் தின்னும், குட்டி போடும்.

புடையன் குட்டி என்று அடித்தோம், அது வேறு பாம்பாம். எப்படி?

வழக்கமாக நடக்கிறதுதான். அநியாயமாகச் சாவது மண்ணுளி. அதன் முதுகிலும் கபில நிறத் திட்டுகள் உண்டு, தடித்த உடம்பு. ஆனால் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும், வால் மிகக் குட்டையாக முடியும், தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது. முத்திரைப் புடையனுக்கு முதுகில் மூன்று வரிசையாகக் கறுப்பு விளிம்போடு நீள்வட்ட முத்திரைகள், தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து தெளிவாகப் பிரியும். சீண்டினால் பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சீற்றம், ஒருமுறை கேட்டால் மறக்காது. மண்ணுளிக்கு விஷமே இல்லை, அது எலி தின்கிற பாம்பு.

மற்றது கட்டுவிரியன் என்று அடிபடுகிற வெள்ளிக்கோல் வரையன். இரண்டும் இரவில் வீட்டுக்குள் வரும், இரண்டிலும் வெள்ளைப் பட்டி இருக்கும். வரையனுக்குப் பட்டி கழுத்திலிருந்தே தொடங்கும், வால் பக்கம் போகப் போக மங்கிவிடும், சுவரில் ஏறும், பல்லி பிடிக்கத்தான் வருகிறது. எட்டடி விரியன் என்றும் சொல்கிற கட்டுவிரியன் பளபளப்பான கருநீலம். கழுத்துப் பக்கம் வெறுமையாக இருந்து சற்றுத் தள்ளித்தான் மெல்லிய வெள்ளை வளையங்கள் தொடங்கும், பெரும்பாலும் இரண்டிரண்டாக. இவ்வளவும் சொன்ன பிறகும், இரவில் ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இது வரையன்தான் என்று முடிவெடுத்துக் கையால் தூக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாரையும் நாகமும் பிணைவதைப் பார்த்தோம்!

நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதை. முன்னுடம்பை நிமிர்த்தி முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று நிலத்தில் அமுக்கப் பார்க்கும், சில வேளை அரை மணி நேரத்துக்கு மேல் போகும். வேட்டி போடுவது, காசு எறிவது எல்லாம் வேண்டாம், தள்ளி நின்று பாருங்கள், அதைவிட நல்ல காட்சி எங்கள் ஊரில் கிடைக்காது.

கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி நெருப்பு எரிகிறதா என்று பார்க்குமாமே?

பார்க்காது. விஷமில்லாத பாம்பு, மரத்தில் இருப்பது அதன் வழக்கம். கண்குத்திப் பாம்பு கண்ணைக் குத்தாது. அரணை நக்கினாலும் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. புழுப்பாம்பு காதுக்குள் போகாது, எறும்பு முட்டையும் கறையான் முட்டையும் தின்றுகொண்டு மண்ணுக்குள் இருக்கும், பூச்சாடிகளில் நாங்கள் காண்கிற வகையில் ஆணே இல்லை, பெண்கள் மட்டும் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகின்றன. கதைகளை விட இது நன்றாக இல்லையா?

கடற்பாம்பு பார்க்க முடியுமா?

கரைவலை இழுக்கிற இடத்துக்கும், களங்கண்டி வலை (ஆழமில்லாத கடலில் தடி நட்டுக் கட்டுகிற வலை) எடுத்து வருகிற இடத்துக்கும் விடிய போங்கள். கடற்பாம்புக்கு வால் தட்டையாக இருக்கும், அதுதான் முதல் அடையாளம். கரையில் சுருண்டு கிடந்தால் செத்துவிட்டது என்று காலால் தட்டாதீர்கள், கடித்தால் கொடிய விஷம், இங்கே பாவிக்கிற விஷமுறிவு மருந்து கடற்பாம்புக்கு உரியதும் அல்ல. வலையில் இன்னொன்றும் வரும். தோல் தளர்ந்து, தொட்டால் அரம் மாதிரிச் சொரசொரப்பாக, சின்னச் சின்னக் குருணைச் செதிலோடு இருக்கிற பாம்பு. அதற்கு விஷம் கிடையாது, ஆனால் கடற்பாம்போடு சேர்த்து அதையும் அடித்து எறிவார்கள். கண்டல் சேற்றில் இரவில் மீன் பிடிக்கிற, கண் மேல்நோக்கிய சேற்றுப்பாம்பும் மனிதருக்கு ஆபத்தில்லாதது. வற்றுக் காலத்தில் நீரேரிக் கரையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்.

ஆமை, உடும்பு?

குளங்களில் பாலாமையும் கறுத்த ஆமையும். பாலாமை வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு கல் விழுந்த சத்தத்துக்கே தண்ணீருக்குள் போய்விடும், ஆகவே குளக்கட்டுக்கு ஏற முதலே தொலைநோக்கியால் பாருங்கள். நட்சத்திர ஆமை வறண்ட பற்றைகளில், மழை வந்த பின் காலை வேளைகளில் மேயும். கண்டால் தூக்காதீர்கள், பயத்தில் சிறுநீரை விட்டுவிடும், வறண்ட காலத்தில் அந்தத் தண்ணீர் அதற்குப் பெரிய இழப்பு. உடும்பு தென்னங்காணிகளிலும் பற்றைகளிலும் பரவலாக இருக்கிறது, ஆனால் ஆளைக் கண்டதும் ஓடும். இறைச்சிக்காகத் துரத்தித் துரத்தி அதற்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

பிடிப்பது, வளர்ப்பது சட்டப்படி சரியா?

இல்லை. தாவரங்கள், விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இலிருந்து இருக்கிறது, பலமுறை திருத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊர்வனவில் பெரும்பாலானவை அதன் பாதுகாப்பில் இருக்கின்றன. ஆமை, உடும்பு, மலைப்பாம்பு ஆகியவற்றைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது குற்றம். கடலாமை இறைச்சியும் முட்டையும் அப்படியே, முந்தி எல்லாரும் தின்றதுதான் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. நட்சத்திர ஆமை 2019 இல் சர்வதேச வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்ட பட்டியலுக்குப் போய்விட்டது, அவ்வளவுக்குக் கடத்துகிறார்கள். அதனால்தான் படம் போடும்போது சரியான இடத்தைப் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். போனில் இடக்குறியை நிறுத்திவிட்டு எடுங்கள், "வடமராட்சி" என்று எழுதினால் போதும், எந்த ஒழுங்கையில் எந்த மதிலடி என்று யாருக்கும் தெரியத் தேவையில்லை.

என்ன போட்டுக்கொண்டு போவது?

கணுக்காலை மூடுகிற சப்பாத்து, நீளக் காற்சட்டை. செருப்பும் சாரமும் வேண்டவே வேண்டாம். நல்ல ரோர்ச் ஒன்று, கைக்காவலாக இன்னொன்று. தண்ணீர். தனியாகப் போகக்கூடாது, எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் உயரத்தில் பாதித் தூரம் பாம்புக்கும் உங்களுக்கும் இடையில் இருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், நான் இரண்டு மீற்றருக்குள் போகவே மாட்டேன், போன் கமராவில் படம் சின்னதாக வந்தால் வரட்டும்.

கடித்துவிட்டால்?

உடனே வைத்தியசாலை. பார்வை பார்க்கிறவரிடம் போய், அவர் தண்ணீர் ஓதித் தந்து, பிறகு ஆஸ்பத்திரி என்ற கதையில் போன மணித்தியாலங்கள் திரும்ப வராது. 1990 க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடித்த காலை அல்லது கையை முறிந்த எலும்புக்குக் கட்டுவது போல ஒரு தடியோடு சேர்த்து அசையாமல் கட்டலாம், ஆனால் இரத்தம் ஓடாதபடி இறுக்கிக் கட்டக்கூடாது. வெட்டக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை, அதைத் துரத்தப்போய் இரண்டாவது ஆள் கடி வாங்குவதுதான் மிச்சம். தூரத்திலிருந்து ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள், வைத்தியர்கள் அறிகுறியையும் இரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்தே முடிவெடுப்பார்கள். இந்தியாவிலிருந்து வருகிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை நாலுக்கும் சேர்த்துச் செய்தது.

கட்டுவிரியனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நித்திரையில் இருக்கும்போது கடிக்கும், நோவும் இருக்காது, பல் பட்ட அடையாளமும் தெரியாமல் போகலாம். விடிய எழும்பும்போது வயிற்று வலி, பிறகு இமை தானாகக் கீழே விழும், பேச்சுக் குழறும், அதற்குப் பிறகு மூச்சு. நிலத்தில் படுத்து எழும்பியவர் "வயித்துக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி, கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தால் கோப்பி கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், கொண்டு ஓடுங்கள். கட்டிலும் மெத்தைக்குக் கீழே ஓரத்தைச் செருகிய நுளம்பு வலையும் இந்தக் கடியைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

வளவுப் புற்றில் நாகம் இருக்கிறது, அம்மம்மா பால் வைக்கிறா. என்ன செய்யலாம்?

அம்மம்மாவோடு சண்டை போடாதீர்கள். நாகபூஷணி அம்மனையும் நாகதம்பிரானையும் கும்பிடுகிற ஊர் என்பதால்தான் பல வளவுகளில் நாகம் அடிபடாமல் இருக்கிறது. பாம்பு பால் குடித்து வாழாது, அந்தப் பாலுக்குப் பூனையும் எலியும்தான் வரும், எலியைத் தேடி நாகம் இன்னும் கிட்ட வரும், ஆகவே பாலைப் புற்றில் ஊற்றாமல் பூவும் கற்பூரமும் போதும் என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். புற்றைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடாத அளவுக்கு ஒரு சின்ன வேலி, வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரை புல்லைச் செருக்கி வெளிச்சம் ஒன்று. பாம்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வரும் வரைக்கும் ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் வெளியே.

தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய பழைய வலையில் பாம்பு சிக்கிக் கிடக்கிறது, விடுவிக்கலாமா?

எலிக்கும் கோழிக்கும் காவலாக மீன்வலைத் துண்டைக் கட்டிவிடுகிறார்கள், நைலோன் நூல் செதிலுக்குள் இறங்கிவிடும், பாம்பு திமிறத் திமிற இறுகும். பெரும்பாலும் சாரைதான். ஆனால் தூரத்திலிருந்து நல்ல வெளிச்சத்தில் சாரை என்று நிச்சயமாகத் தெரியாமல் கிட்டப் போகாதீர்கள், திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அதுவரை ஈரச் சாக்கு ஒன்றை நீளத் தடியால் மேலே போட்டு வெயிலை மறைத்துவிடுங்கள். சாரையும் விஷமில்லாதது என்றாலும் நன்றாகக் கடிக்கும். அவர்கள் வந்து வெட்டி எடுத்த பிறகு அந்த வலையை அவிழ்த்து, ஒரு சாண் உயரத்துக்கு நிலத்தோடு தகரம் அடித்துவிட்டு அதற்கு மேல் வலையைக் கட்டுங்கள். கோழியும் தப்பும், சாரையும் தப்பும், எலி பிடிக்க ஆளும் இருக்கும்.